கன்னி மூலைத் தூண்

ஒரு பொதுக் கட்டடம் தேறியதா இல்லையா என்பதைச் செருப்பை வைத்தே சொல்லிவிடலாம், மேடம். உள்ளே வருகிறவர் செருப்பை எங்கே விடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தால் அது தோற்றுப்போன கட்டடம். கால் தானாகவே ஓர் இடத்தில் நிற்க வேண்டும். இன்று காலை கையில் கோர்ட் உத்தரவோடும் பின்னால் கான்கிரீட் உடைக்கும் மெஷினோடும் நீங்கள் வந்தபோதுகூட, உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் அந்த இடத்தில் நின்று பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். நான் பார்த்தேன். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மெஷினை நிறுத்தி வைக்கச் சொன்னதற்கு நன்றி. இந்த அலுவலக அறை சிறியது, மின்விசிறி சத்தம் போடும், மன்னித்துக்கொள்ளுங்கள். உத்தரவை நான் மதிக்கிறேன். கன்னி மூலைத் தூணின் அடியை உடைத்துப் பார்க்க ஹெலன் இத்தனை வருடம் அலைந்திருக்கிறாள். அவள் இப்போது வெளியே கூடத்தில் நிற்கிறாள். பக்கத்தில் செங்கம்மாள் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேருக்கும் டீ கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டால் உடைக்க வேண்டிய அவசியம் இருக்காது. கேட்டுவிட்டு மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்த இடத்தில் முன்பு இருந்தது டவுன்ஷிப் மனமகிழ் மன்றம். பெயர்தான் அப்படி. மனம் மகிழ்ந்து யாரும் வெளியே வந்ததில்லை. நெல்லையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் கோவையிலிருந்தும் ஆராய்ச்சி வேலைக்கு வந்து இந்தக் கடலோரத்தில் குடியேறியவர்கள், கண்ணுக்குத் தெரியாத துகளை அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள், ஒரு கூடத்தை மாலை வேளையில் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியாமல் இருந்தார்கள். ஞானம்பாள் மாமியின் சுலோக வகுப்புக்கும் பாட்மிண்டன் கோஷ்டிக்கும் ஒரே நேரம். சகஸ்ரநாமத்தின் நடுவே இறகுப்பந்து வந்து விழும். ஒருநாள் மட்டையால் அடித்ததில் ஒருவருக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. அடித்தவர் அணுவைப் பற்றி வெளிநாட்டில் கட்டுரை படித்தவர். அடி வாங்கியவரும் அதே மேடையில் படித்தவர்தான்.

அதற்குப் பிறகுதான் மன்றத்தை இடித்துக் கட்டி, எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் பயன்படுகிற பல்நோக்குச் சமுதாய மையமாக மாற்றலாம் என்று டவுன்ஷிப் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருடம். நான் சென்னையில் கட்டடக்கலை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா இங்கே வேலை பார்த்தவர். சங்கத் தலைவர் ஜானகிராமன் சார் என்னைக் கூப்பிட்டு, "பாலா, நம்ம பையன் நீ இருக்கறப்போ வெளியாள் எதுக்கு?" என்றார்.

நான் வரைந்தது நல்ல வரைபடம். இதை அடக்கமில்லாமல் சொல்லலாம் என்று நினைக்கிறேன், கொலைக்கேசில் அடக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. காலையில் யோகா, பிறகு குழந்தைகள் காப்பகம், மாலையில் வைஷாலி டீச்சரின் நாட்டிய வகுப்பு, முகூர்த்த நாளில் கல்யாணம், மழைக்காலத்தில் ரத்ததான முகாம். ஒரே கூடம். சுவர்கள் எல்லாம் கதவுபோல மடங்கும். இழுத்தால் நான்கு அறை, மடக்கினால் ஒரே வெளி. மனிதர்கள் சண்டை போடுவது இடம் போதாததால்தான் என்று நான் அப்போது நம்பினேன்.

மடங்காத சுவர் ஒன்று மட்டும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மையத்துக்கு அரசாங்க நிதி வந்தது. சுற்றுவட்டார மக்களும் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை. சுற்றுவட்டாரம் என்றால் மேற்கே, காம்பவுண்டை ஒட்டி இருக்கிற காலனி. அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் இந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை. இப்போது அங்கே நர்ஸ் இருக்கிறார்கள், டிரைவர் இருக்கிறார்கள், டீச்சர் இருக்கிறார்கள். பாதி வீட்டில் மாரியம்மன், பாதி வீட்டில் ஏசு. செங்கம்மாளின் மகன் கலைவாணன் சிவிலில் டிப்ளமோ. இந்த வேலைக்கு அவன்தான் சூப்பர்வைசர். ஆட்களும் அவன் தெருவிலிருந்து வந்தவர்கள்தான். சைட்டில் எல்லாரும் என்னை சார் என்பார்கள். அவன் மட்டும் மச்சான் என்பான். நானும் அவனும் ஒரே வயது. அது எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

காலனிக்காரர்கள் வர மேற்கே ஒரு வாசல் வைத்தேன். அந்த வாசலுக்கு உள்ளே ஒரு சின்னக் கூடம், தனிக் கழிவறை, தனிக் குழாய். பெரிய கூடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். கதவு இல்லை. அப்படி வரையச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று கேட்பீர்கள். இல்லை மேடம். வரைபடத்தைப் பார்த்த ஞானம்பாள் மாமி, "அந்தப் பக்கத்து வாசல் நன்னா அகலமா வெச்சிருக்கியோன்னோ? பாவம், அவாளுக்கும் நம்மளுக்கும் இடிச்சுக்காம இருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஜானகிராமன் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். யாரும் சொல்லாததைப் புரிந்துகொண்டு வரைவதற்குப் பெயர்தான் வடிவமைப்பு.

கலைவாணனுக்கு அது புரிய இரண்டு மாதம் ஆயிற்று. அவனுக்கும் ஹெலனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மையத்தில் நடக்கிற முதல் கல்யாணம் அவனுடையதுதான் என்று சங்கமே வாக்குக் கொடுத்திருந்தது. எங்கே மேடை போடலாம் என்று பார்க்க ஒருநாள் ஹெலனைக் கூட்டிக்கொண்டு மேற்கு வாசல் வழியாக வந்தான். செங்கல் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. முட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னா மச்சான் இது? இப்டி வந்தா ஹாலுக்கு எப்டி போறது?"

"அது வேற ஹால், கலை. இது வேற ஹால்."

"இதுல எது மச்சான் எங்க ஹாலு?"

"உங்க எங்கன்னு என்ன இருக்கு? ஜனநடமாட்டத்தைப் பிரிச்சு விட்டிருக்கேன். அவ்வளவுதான்."

ஹெலன் சிரித்துவிட்டாள். "டீக்கடைல ரெண்டு கிளாஸ் வெச்சிகினு இருந்தானுங்க, எங்க தாத்தா சொல்வாரு. இவரு கிளாஸ ஒடச்சிட்டு கட்டடமாவே கட்டிட்டாரு, பார்."

"ஏய், சும்மா இரு" என்று அவளை அடக்கினான். பிறகு என் தோளில் கைபோட்டு, "மச்சான், அந்த சொவத்த எடுத்துடு. நீ நல்லவன். ஒனக்கு யாரோ சொல்லிக் குடுத்துகினு கீறாங்க" என்றான்.

பார்க்கலாம் என்றேன். எடுப்பதாக இல்லை. ஒரு சுவரை எடுத்தால் மாடிப்படி நகரும், மாடிப்படி நகர்ந்தால் சமையலறை நகரும். முழுமையான ஒன்றில் ஒரு கோட்டைக்கூட அழிக்க முடியாது.

இதற்கு நடுவே கன்னி மூலைக் குழி வாயை மூட மறுத்தது.

நான்கு மூலைக்கும் நான்கு தூண். மூன்று குழிகள் நல்லபடியாக இறங்கின. தென்மேற்கு மூலையில் மட்டும் தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. கடலோர மண், அடியில் உப்புத் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். பலகை அடித்து நிறுத்தினோம். பலகையோடு சரிந்தது. ஒருநாள் உள்ளே முனியம்மாவின் புருஷன் நின்றுகொண்டிருந்தார். வெளியே எடுக்கும்போது அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது. அவர் கத்தவில்லை. முனியம்மாதான் கத்தினாள். சித்தாள் வேலைக்கு வந்தவள் அவள். கையில் இருந்த சிமெண்டுச் சட்டியைக் கடைசிவரை கீழே போடாமல் கத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் ஆட்கள் குழிக்குள் இறங்கவில்லை.

"அது கேக்குது சார்" என்றாள் முனியம்மா. "காலோட வுட்டுச்சு, உசுரு வந்துச்சே புண்ணியம். குடுக்க வேண்டியத குடுத்துட்டு வேலய பாரு."

காலனிக் கோயில் பூசாரி அப்பாசாமியைக் கூட்டி வந்தார்கள். அவர் குழியைச் சுற்றி வந்து, எட்டிப் பார்த்து, வெற்றிலையைத் துப்பினார். "ஒரு சேவலு, ஒரு எலுமிச்சங்கா. மேட்டரு முடிஞ்சிடும். இல்லாங்காட்டி அது பாட்டுக்கு வாய தொறந்துகினே கீதும். அப்பால அதுவே ஆள பாத்துக்கும்."

நான் ஜானகிராமன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "விஞ்ஞானிகள் வாழற இடத்தில பலியா? இன்னிக்குச் சேவல் வெட்ட விட்டா நாளைக்கு லேபுக்கு ஆடு கேப்பான். முடியாது." வடகிழக்கு மூலையில் அவரே உட்கார்ந்து கணபதி ஹோமம் பண்ணியதை நினைவுபடுத்தினேன். "அது சம்பிரதாயம்பா. இது மூடநம்பிக்கை" என்றார். வித்தியாசம் எனக்கு உடனே புரிந்தது.

ஒரு சேவல் வெட்டியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைக்கிறவன் அல்ல நான்.

சேவல் மறுக்கப்பட்ட செய்தி காலனிக்குப் போனதும், அப்படியானால் கட்டடம் மனிதத் தலை கேட்கிறது என்று பேச்சு கிளம்பியது. புதுப் பாலமோ பெரிய கட்டடமோ எழுந்தால் நரபலிக்குப் பிள்ளை பிடிக்க ஆள் வரும் என்று நம் ஊரில் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. சதுரங்கப்பட்டினம் வரைக்கும் பயம் போயிற்று. அங்கே டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் பலூன் விற்றுக்கொண்டிருந்த ஒரு வடநாட்டுக்காரனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று பிடித்துக்கொண்டார்கள்.

நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். முதலில் கையால் அடித்தார்கள், பிறகு பலூன் கட்டியிருந்த மூங்கிலை அவனிடமிருந்தே பிடுங்கி அடித்தார்கள். பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் கூட்டம் இன்னும் பயந்து இன்னும் பலமாக அடித்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டான். எங்கள் அடிக்கல் விழாவுக்கு அவன்தான் பலூன் ஊதிக் கொடுத்தவன். "சார், ஆப் போலோ சார், சொல்லுங்கோ சார்" என்றான். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணாத்த, ஒனக்கு இவன தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும் என்றால் அவன் எங்கள் கட்டடத்துக்காகப் பிள்ளை பிடிக்க வந்தவன் என்றாகிவிடும். வேலைக்குக் கெட்ட பெயர். அவன் பிழைத்துக்கொண்டான், மேடம். கண் ஒன்றுதான் போயிற்று.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொல்லிவிட்டு யோசித்தேன். ஒரு ஆள் காணாமல் போனால் அவன் எங்கே போனான் என்பதற்கு ஊரே ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் பதிலை டவுன்ஷிப்பில் ஒருவர்கூட நம்ப மாட்டார். இப்படி ஓர் ஏற்பாடு எந்தக் கட்டடக்காரனுக்கும் எளிதில் அமையாது.

அந்த வாரம் கலைவாணனோடு சைட்டுக்கு வெளியே டீ குடித்தபோது, வீட்டில் நீதான் மூத்தவனா என்று கேட்டேன். "தலைச்சன் மச்சான். எனக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி மூணு வாலுங்க. ஏன், சீர் செய்யப் போறியா?" என்று சிரித்தான். பேச்சுவாக்கில் கேட்டது. கல்யாணம் ஆகப்போகிறவனிடம் யார் வேண்டுமானாலும் கேட்கிற கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை. காலனியில் பாதிப் பேர் மாதாகோயிலில், மீதிப் பேர் தூக்கத்தில். டவுன்ஷிப் முழுக்க டி.வி. முன்னால். மோட்டார் அடைத்துக்கொண்டது, வா என்று கலைவாணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஹெலனைக் கோயிலில் விட்டுவிட்டு, நல்ல சட்டையோடு வந்தான். சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினான்.

"நாளிக்கு கான்கிரீட்டு போட ஆளு வராது மச்சான். மொதல்லயே சொல்லிட்டேன்" என்றான், ஏணியில் இறங்கிக்கொண்டே.

"சாமிக்குப் பயந்தா?"

"சாமியாவது பூதமாவது. சொவத்துக்கு. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், சொவரு போற வரிக்கும் யாரும் சட்டி தூக்க மாட்டாங்க. கலெக்டர் ஆபீசுக்கும் மனு ரெடி. ஒன் மேல கோவம் இல்ல. நீ வெளிய வந்து 'எடுத்தாச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லு, நானே மொத சட்டி தூக்கறேன்."

உள்ளே முட்டியளவு தண்ணீர். குழாயின் வாயில் கருங்கல் சிக்கியிருந்தது. குனிந்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை. "மச்சான், அந்த கடப்பாரய குடு" என்று, மேலே பார்க்காமலே கையை நீட்டினான்.

கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதுதான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது. முதல் அடி தோளில் விழுந்தது, நான் பழக்கமில்லாதவன். அவன் சேற்றில் மண்டியிட்டு மேலே பார்த்தான். "இன்னா மச்சான்" என்றான். அதில் கோபம் இல்லை. கை தவறிவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறான். எழுந்திருக்க ஏணியைப் பிடித்தான். நான் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். இரண்டாவது அடி தலையில். மூன்றாவதும் தலையில். தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கி, பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

பலகையைத் தட்டினால் மணல் தானாகச் சரிகிற குழி அது. தட்டினேன். மீதியை மண்வெட்டியால் தள்ளினேன். மணல் மார்புவரை வந்தபோது வலது கை விரல்கள் திறந்து மூடின. நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் மட்டம் சரியாக வராது. மேலே ஜல்லியைக் கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்துச் சமன் செய்தேன். அவ்வளவு உடல் உழைப்பு எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கை கொப்பளித்துவிட்டது. அவனுடைய சட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆட்கள் வாசலில் கூடி நின்றார்கள். சுவரை எடுத்துவிடலாம் என்று கலைவாணனோடு பேசி முடிவாகிவிட்டது, அவன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கச் சென்னைக்குப் போயிருக்கிறான் என்றேன். முனியம்மா குழியருகே போய்ப் பார்த்தாள். தண்ணீர் ஊறவில்லை. மணல் அசையவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூடிகிச்சு" என்றாள். சட்டியைத் தூக்கினாள். மதியத்துக்குள் கான்கிரீட் போட்டு முடித்தோம். எனக்கு மனதுக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. வேலை முடிந்த நிம்மதிதான்.

அந்த வாரக் கடைசியில் செங்கம்மாள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கூடவே ஹெலன், பின்னால் தெருவே.

"எம்புள்ள அந்த தூணுக்கு அடீல கீறான்" என்றார். அழவில்லை. "தலைச்சன் புள்ளய குடுத்துட்டு தூண நிறுத்தியிருக்காங்க. ஒடச்சி காட்டுங்க சாமி. எடுத்துகினு போயிடறேன்."

ஜானகிராமன் சார் மரியாதையாகவே பேசினார். "அம்மா, பையனைக் காணோம்னா போலீஸ்ல சொல்லுங்க, நானும் கூட வரேன். ஆனா நரபலின்னு சொல்லிண்டு வந்தா நாங்க தோண்ட முடியாது. தோண்டினா அந்த நம்பிக்கையை நாங்களே ஒத்துண்ட மாதிரி."

"நரபலி இல்லன்னு காட்டறதுக்காச்சும் தோண்டுங்களேன் சார்" என்றாள் ஹெலன்.

"இல்லாததை இல்லைன்னு காட்ட அறிவியலுக்கு அவசியம் கிடையாதும்மா."

"அறிவியலு வேணாம் சார். ஒரு கடப்பார போதும்."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. இருமிச் சமாளித்தேன்.

அன்று மாலையே சங்கக் கூட்டம். கட்டுமானத்தைப் பற்றிப் பரவும் மூடநம்பிக்கைக்கு எக்காரணம் கொண்டும் இடம் கொடுப்பதில்லை, எந்த மூலையையும் தோண்டுவதில்லை என்று தீர்மானம். நான் வழிமொழிந்தேன். கைதட்டினார்கள். இதை நீங்கள் குறிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். அந்தத் தாய், பிள்ளையைக் கொன்று புதைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றே தோண்டியிருப்பார்கள். பலி என்று ஒரு சொல் சேர்த்துவிட்டார். படித்தவர்கள் எல்லாரும் தூணுக்குக் காவல் நின்றுவிட்டார்கள். நான் ஒரு ஆளைக்கூடக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

காலனிப் பையன்கள் கல்லெறிந்தார்கள். கண்ணாடி போயிற்று. போலீஸ் வந்து தடியால் அடித்ததில் கலைவாணனின் தம்பிக்குக் கை உடைந்தது. பூசாரி அப்பாசாமியைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். பலி என்று முதலில் சொன்னவர் அவர்தானே. உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரியைக் குறை சொல்லவில்லை. அப்பாசாமி அடி தாங்காமல் எங்கெங்கோ இடத்தைக் காட்டினார். சவுக்குத் தோப்பில் காட்டினார், ஏரிக்கரையில் காட்டினார், தன் வீட்டுக் கொல்லையையே காட்டினார். காட்டிய இடமெல்லாம் தோண்டினார்கள். இங்கே மட்டும் தோண்டவில்லை. வெளியே வந்தபோது அவரால் நேராக நடக்க முடியவில்லை. கருங்குழியில் மகள் வீட்டுக்குப் போய், கொஞ்ச நாளில் இறந்துவிட்டார்.

மையம் அடுத்த வருடம் திறந்தது. எல்லாரும் கேட்டது எல்லாருக்கும் கிடைத்தது. மூடநம்பிக்கைகளும் அறிவியல் மனப்பான்மையும் என்று முதல் சொற்பொழிவு. பேச்சாளருக்கு அந்த மூலையில்தான் மைக். வைஷாலி டீச்சரின் மாணவிகள் அந்தத் தூணைச் சுற்றித்தான் ஆடினார்கள். ஞானம்பாள் மாமியும் பாட்மிண்டன்காரர்களும் ஒரே மாலையில் இருந்தும் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. இப்போது ஐ.டி. ஆபீஸ்காரர்கள் சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து மடங்கும் சுவர்களைப் பார்க்க வருகிறார்கள். செங்கல் சுவரை எடுக்க நேரம் வாய்க்கவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

செங்கம்மாளுக்கு இங்கே துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். தினமும் பெருக்கி முடித்துவிட்டுத் தூணடியில் ஒரு பூ வைப்பார். பொது இடத்தில் வழிபாடு கூடாது என்று சங்கத்தில் ஆட்சேபம் வந்தது. நான் விட்டுக்கொடுக்கச் சொன்னேன். ஒருநாள்கூட அந்தப் பூவை நான் எடுத்துப் போட்டதில்லை. அவர் லீவு போட்ட நாட்களில் நானே வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு ஒழுங்குக்காக.

இவ்வளவுதான். சுவருக்காகச் செய்தேன், வரைபடத்தைக் காப்பாற்றச் செய்தேன். கொன்றது நான், புதைத்தது நான், கூட யாரும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இனி உடைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

உங்கள் இன்ஜினியர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உங்களைத் தேடுகிறார், கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அவர் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். அந்தத் தூண்மேல் ஒரு பாரமும் இல்லை. அங்கே மண் நிற்காது என்று தெரிந்ததுமே பாரம் முழுவதையும் பக்கத்துத் தூண்களுக்கு மாற்றி வரைந்துவிட்டேன். முனியம்மாவின் புருஷனுக்குக் கால் போன மறுநாளே. கணக்குப்படி அந்தக் குழியே தேவையில்லை. மூடச் சொல்லியிருக்கலாம். திறந்தே இருக்கட்டும் என்றேன். ஆகவே தாராளமாக உடைக்கலாம், ஒரு செங்கல்கூட அசையாது என்று அவர் சொல்வார். படித்தவர், சரியாகத்தான் சொல்வார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கடல் உள்ளே வந்த வருடம் காம்பவுண்டு சுவர் மொத்தமும் போயிற்று. பக்கத்து ஸ்டோர் கட்டடம் பிளந்துவிட்டது. இங்கே ஒரு விரிசல் இல்லை. நான் பகுத்தறிவு உள்ளவன், மேடம், ஜானகிராமன் சாரைப் போலவே. விலங்கு மாட்டுங்கள், தூக்கில் போடுங்கள், அந்த அம்மாவுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுங்கள். அவனை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்தால் கட்டடம் நிற்காது.